டீச்சரின் இடது இமை

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். போட்டோ பையிலேயே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்களை இங்கே அனுப்பியது யார்?

தப்பாக நினைக்காதீர்கள். அப்பா போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை என்கிறீர்கள். வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும். இந்த நேரத்தில் இந்த மனுஷன் குறுக்குக் கேள்வி கேட்கிறானே என்று இருக்கும். கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. நீடாமங்கலத்தில் ஓவியர் இல்லையா? கும்பகோணம் பக்கம்தானே, அங்கே இல்லையா? பஸ் ஏறி மன்னார்குடிக்கு வந்து, சந்து சந்தாக விசாரித்து, நாகரத்தினம் வீடு எது என்று கேட்டு வருகிறீர்கள் என்றால், யாரோ சொல்லித்தான் வந்திருப்பீர்கள்.

மருந்துக்கடை திருஞானம் வீட்டில் பார்த்தீர்களா. டீச்சர் படத்தையா.

நினைத்தேன்.

சரி. வேதா, தம்பிக்கு ஒரு டீ போடு. நான் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் நான்தான் வரைய வேண்டும் என்றால் போட்டோவை வெளியே எடுங்கள். அந்தப் படத்தின் மூலையில் என் பெயர் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்த படம் நான் கொடுத்த படம் இல்லை. வரைந்தது நான்தான். நான் வரைந்ததை வேறொரு கை மாற்றிவிட்டது. அதைக் கேட்க ஆளில்லை. ஆளாளுக்கு வந்து, அந்த மாதிரி வேண்டும், அந்த மாதிரி வேண்டும் என்கிறீர்கள்.

நான் மின்சார அலுவலகத்தில் கணக்கீட்டாளர். உங்கள் ஊரிலும் வருவார்களே, மீட்டர் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுப்பார்களே, அந்த வேலை. காலையில் ஒரு தெருவில் ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவேன். மத்தியானம் ஆபீசில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டுப் பிரஷை எடுப்பேன். ஆபீசில் எல்லோரும் ஓவியத்தை என்னுடைய பக்கவேலை என்பார்கள். மீட்டர் பார்ப்பதுதான் பக்கவேலை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை. சொன்னால் அது யார் வழியாக யார் காதுக்குப் போகும் என்று தெரியாது.

இரண்டு வேலையையும் நான் கலந்ததில்லை. ஆபீஸ் நேரத்தில் பிரஷைத் தொடமாட்டேன். தூரிகை என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு தம்பி. நம் ஊரில் மீட்டர் பெரும்பாலும் வாசல் பக்கம்தான் இருக்கும். வாசலில் நின்றால் கூடம் தெரியும். கூடத்துச் சுவர் தெரியும். அதனால் நான் வரைந்து கொடுத்த படம் எந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவேன். வேறு எந்த ஓவியனுக்கு அது கிடைக்கும்?

பார்த்தால்தான் மனிதர்கள் யாரென்று புரியும். அப்பாவின் படத்தை வரைந்து வாங்கும்போது அழுவார்கள். அடுத்த தடவை போனால் படத்தின் ஆணியில் குடை தொங்கும். ஒரு வீட்டில் டி.வி.க்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மாமனார் நெற்றியின் மேல் காலண்டர். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். பார்த்து வைத்துக்கொள்வேன்.

"நீங்க போறது ரீடிங் எடுக்கவா, வேவு பார்க்கவா?" என்பாள் என் மனைவி. இதோ உள்ளே டீ போடுகிறாளே, வேதவல்லி. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

நான் இறந்தவர்களை மட்டும்தான் வரைவேன். உயிரோடு இருப்பவர்கள் திரும்பி வந்து மூக்கு சரியில்லை என்பார்கள். இறந்தவர்கள் விஷயத்தில் அந்தத் தொல்லை இல்லை. பதினாறாம் நாள் படத்திறப்பு என்றால் அதற்குள் கொடுத்தாக வேண்டும். சீக்கிரம் காய்வதற்கான எண்ணெயைக் கலந்து, சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து, ஒரு தடவைகூட நாள் தவறியதில்லை. அதை எவனும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. படம் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும், "உள்ளது உள்ளபடி போடுங்க சார்" என்பார்கள். ஒருவர்கூட அதை விரும்புவதில்லை. இது என் அனுபவம். முன்பல் நீண்டிருந்தால் உதட்டை மூடிவிடுவேன். அம்மைத் தழும்பை நிரவிவிடுவேன். கறுத்த மனிதரைக் கொஞ்சம் மாநிறமாக்குவேன். ஒருவரும் இதுவரை, "எங்கப்பா பல்லை எங்கே?" என்று கேட்டதில்லை. மகிழ்ச்சியாகத்தான் வாங்கிப் போவார்கள். பேசாமல் வாங்கிப் போவார்கள். பேசாமல் போனால் மகிழ்ச்சி என்றுதானே அர்த்தம்?

திருஞானம் மனைவி மங்கையர்க்கரசி டீச்சர். பெரிய பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். என் மகனுக்கும் அவர்தான் எழுத்து சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலேயே இடது கண் இமை தாழ்ந்திருக்கும். பாதிக் கண்ணை மூடியபடி இருக்கும். வகுப்பில் எந்தப் பிள்ளையைப் பார்க்கிறார் என்று தெரியாது, அதனால் எல்லாப் பிள்ளையும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் என்பார்கள். திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார்.

திருஞானம்தான் போட்டோ கொண்டுவந்தார். கூடவே மகள். எழிலரசி என்று பெயர், கல்லூரி முடித்துவிட்டுக் கடையில் அப்பாவுக்குத் துணையாக இருந்தாள். திருஞானம் போட்டோவை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, "உள்ளது உள்ளபடி போடுங்க சார்" என்றார். பார்த்தீர்களா, அதே வார்த்தை. நானும் வழக்கம்போல், "கவலையை விடுங்க" என்றேன்.

முகம் பாதி வந்திருந்தபோது வேதவல்லி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சருக்கு ஒரு கண்ணு சாஞ்சு இருக்குமேங்க."

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"செத்ததுக்கப்புறமும் அந்தக் குறையோட இருக்கணுமா அந்தம்மா?"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் இரண்டு கண்ணையும் ஒன்றுபோல் திறந்துவிட்டேன். நல்ல கண் தம்பி. கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்போம், வெளிச்சம் பட்ட மாதிரி. அதை வைத்ததும் கண் பளிச்சென்று ஆகிவிடும். இரண்டு கண்ணிலும் பளிச்சென்று வைத்தேன். என் கையில் இறங்கிய முகங்களில் அதுபோல் இரண்டு பக்கமும் சமமாக வந்த முகம் வேறு இல்லை.

படத்திறப்பு அவர்கள் வீட்டு வாசல் பந்தலில் நடந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் திரையை விலக்கினார். கூட்டம் கொஞ்ச நேரம் மூச்சே விடவில்லை. ஓவியனுக்கு அதுதான் கைத்தட்டல். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "டீச்சரை இப்படி நாம யாரும் பார்த்ததே இல்லை" என்றார். அதைவிட என்ன வேண்டும்? பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பூப் போட்டார்கள். அதில் ஒரு வாண்டு பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம், "டீச்சர் படம் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டது. பிள்ளைகளுக்கு என்ன விவரம் தெரியும்.

எழிலரசி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து, "யாருப்பா இது?" என்றாள். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துப் பேசுவார்கள். நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

அடுத்து ரீடிங் எடுக்கப் போனபோது படம் கூடத்தில் இருந்தது. மாலை வாடாமல் இருந்தது. அதற்கடுத்த முறை போனேன். ஆணி மட்டும் இருந்தது.

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நல்ல படம் தம்பி, மனசு கேட்கவில்லை. "படம் எங்க சார்?" என்றேன்.

திருஞானம் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டியபடியே, "வெள்ளையடிக்கணும்னு எடுத்து வச்சிருக்கோம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளையடிக்கிற வீட்டில் ஆணியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுப்பார்களா? சாமி படம் அப்படியே இருக்கிறது. கடிகாரம் அப்படியே ஓடுகிறது. டீச்சர் மட்டும் இறங்கியிருக்கிறார். எனக்குப் பொறி தட்டியது. மீட்டரைப் பார்த்தேன். யூனிட் ஏறியிருந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு ஆள் குறைந்த வீடு, யூனிட் குறையத்தானே வேண்டும்? ஏறியிருக்கிறது. உள்ளறை ஜன்னலில் பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது. வாசலில் பார்த்தால் புதிதாக ஒரு பெண் செருப்பு. மகள் செருப்பு இல்லை, அதை எனக்குத் தெரியும். திருஞானம் சட்டையும் அன்றைக்கு இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு ஆள் இரண்டாம் கல்யாணத்துக்குத் தயாராகிறார். அதனால் முதல் மனைவியின் படம் கண்ணை உறுத்துகிறது. நான் வேறு கண்ணை அவ்வளவு பளிச்சென்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் காசாளர் அருள்தாஸிடம் மட்டும் டீ குடிக்கும்போது சொன்னேன். அதுவும் கல்யாணம் என்று சொல்லவில்லை. ஆள் குறைந்த வீட்டில் யூனிட் ஏறியிருக்கிறது, புதுச் செருப்பு கிடக்கிறது, படம் இறங்கிவிட்டது என்று நடந்ததை மட்டும்தான் சொன்னேன். அருள்தாஸ் மனைவிக்குப் பட்டுக்கோட்டையில் சொந்தம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொந்தம் டீச்சருடைய அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று எனக்கு எப்படித் தெரியும்?

டீச்சருடைய அண்ணன் கிளம்பி வந்து மருந்துக்கடை வாசலில் நின்று கத்தினாராம். "எந் தங்கச்சி செத்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள உனக்குப் பொண்டாட்டி கேக்குதா?" என்று. மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்களாம். அந்தச் செருப்பு திருஞானத்தின் அக்காவுடையதாம். அப்பாவும் மகளும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று திருவாரூரிலிருந்து சமைத்துப் போட வந்தவராம். அக்கா என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் யூனிட் ஏன் ஏறியது? அதற்கு அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

அருள்தாஸைத்தான் அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. ஒரு விஷயத்தை நம்பிச் சொன்னால் ஊருக்கே சொல்லிவிடுகிறான்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதுமா?

அடுத்த ரீடிங். கேட்டைத் திறந்து உள்ளே போகிறேன், மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு காகிதம் கசங்கிக் கிடக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒரு கண். முகம் இல்லை, மூக்கு இல்லை, ஒற்றைக் கண். பக்கத்தில் குப்பைக் கூடை. எட்டிப் பார்த்தேன். அத்தனையும் கண். பென்சிலில் சில, கலரில் சில. எல்லாம் இடது கண். ஒன்றிலும் வலது கண் இல்லை.

நான் செய்வினையை நம்புகிறவன் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் இறந்தவர் படத்தை மறைத்து வைத்துவிட்டு, உள்ளறையில் பகலில் விளக்கெரித்து, கண் கண்ணாக எழுதிப் போட்டால் என்ன நினைப்பீர்கள்? கொஞ்சம் நிதானித்த பிறகு வேறு சந்தேகம் வந்தது. வேறு எவனையோ வைத்து என் படத்தைப் பார்த்து நகல் எடுக்கிறார்கள். என் கண்ணை யாரோ திருடிப் பழகுகிறான். தொழில் போட்டி. அதுதான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

ஒரு காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து வேதவல்லியிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "டீச்சர் கண்ணுல்ல இது" என்றாள்.

"ஒத்தக் கண்ண வச்சு எப்படி டீச்சர்னு சொல்ற? கண்ணுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ஆமா, நீங்க போட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். அவள் திருஞானம் கடைக்கு மருந்து வாங்கப் போகிறவள். அங்கே ஏதாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

அதற்கடுத்த முறை போனபோது படம் சுவரில் இருந்தது.

வாசலில் நின்று பார்த்தேன். தூரத்திலிருந்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மீட்டரைப் பார்க்காமல் நேராகக் கூடத்துக்குள் போய்விட்டேன். அப்படி ஒரு வீட்டுக்குள் நான் நுழைந்ததே இல்லை தம்பி, அன்றைக்கு நுழைந்தேன். டீச்சரின் இடது இமை இறங்கியிருந்தது. நான் திறந்து வைத்த கண்ணை யாரோ பாதி மூடியிருந்தார்கள்.

எழிலரசி உள்ளறையிலிருந்து வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாரு இதுல கை வச்சது?" என்றேன்.

"நான்தான் சார்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சரியா வர நாளாயிருச்சு."

"எதுக்கும்மா இந்த வேலை? அது அவங்களுக்கு இருந்த குறை. அதைத்தான் நான் சரி பண்ணிக் குடுத்தேன்."

"அவங்க எங்களைப் பார்க்கிறதே அப்படித்தான் சார். நீங்க ரெண்டு கண்ணையும் திறந்துவிட்டதும், வேற யாரோ பார்க்கிற மாதிரி ஆயிருச்சு. அப்பா கூடத்துல உட்கார்ந்து சாப்பிடறதையே விட்டுட்டாரு. யாரோ வீட்டுப் பொம்பள முன்னாடி உட்கார்ந்து சாப்பிடற மாதிரி கூச்சமா இருக்குன்னாரு."

இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. சொல்லப்போனால் அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று கடையில் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"படத்தைக் கழட்டிக் குடு. நான் எடுத்துட்டுப் போய்ப் பழையபடி பண்ணித் தரேன்" என்றேன்.

அவள் போய்ப் படத்துக்கு முன்னால் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள்.

"வேண்டாம் சார்."

"காசு வேண்டாம். சும்மாவே பண்ணித் தரேன்."

"தொடாதீங்க சார். எனக்கு இருக்கிறது இந்த ஒரு அம்மாதான். ரெண்டாவது தடவ தொலைக்க முடியாது."

அப்போதுதான் திருஞானம் வந்தார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ரீடிங் எடுத்தாச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"எடுத்துட்டுக் கிளம்புங்க. எங்க வீட்டு யூனிட்டைப் போய் ஊருக்குச் சொல்லணுமில்ல, உங்களுக்கு நேரமாகுது."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படத்தைக் கெடுத்துவிட்ட குற்ற உணர்ச்சியில் என்னவோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை விட முடியாது. மூலையில் என் பெயர் இருக்கிறது. நாளைக்கு எவனாவது பார்த்துவிட்டு, நாகரத்தினத்துக்கு இரண்டு கண்ணைச் சமமாகப் போடத் தெரியாது என்று சொன்னால்? இந்த ஊரில் எனக்கு என்று இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். மீட்டர் பார்க்கிறவனுக்குப் பெயர் கிடையாது தம்பி. கரண்டுக்காரர் வந்திருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

"அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க. நான் வரையாத படத்துல என் பேரு வேண்டாம்" என்றேன்.

எழிலரசி உள்ளே போய் ஒரு பிரஷும், ஒரு மூடியில் கலரும் கொண்டுவந்தாள். பின்னணிக்கு நான் போட்ட அதே பழுப்பு. கச்சிதமாகக் கலந்திருந்தாள். "நீங்க எழுதின பேரு சார். நீங்களே அழிச்சிடுங்க" என்று நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

வாங்கிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனேன். கிட்டே போனால்தான் தெரிகிறது, எவ்வளவு பிழை. இமையின் கீழ்விளிம்பு தடித்துவிட்டது. புதுப் பெயிண்ட் பட்ட இடம் மட்டும் தனியாகப் பளபளக்கிறது. தோல் நிறம் என் நிறத்தோடு முழுசாகச் சேரவில்லை. நான் வைத்த வெள்ளைப் புள்ளியை இடது கண்ணில் எடுத்தேவிட்டாள். இமை அவ்வளவு தூரம் இறங்கினால் அங்கே வெளிச்சம் படாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வெளிச்சம் இல்லாத கண் செத்த கண்ணாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் முறை. நாங்கள் படித்தது அதுதான்.

அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் மகனை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது டீச்சர் இப்படித்தான் பார்த்தார். பையன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அந்த அம்மா ஒரு கண்ணால் அவனைப் பார்க்கிறார், மற்றதால் என்னைப் பார்க்கிறார், 'நீ முதலில் கிளம்பு' என்கிற மாதிரி. அது எதற்கோ அப்போது ஞாபகம் வந்தது.

பிரஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் நேரம் அது. ஆபீஸ் நேரத்தில் நான் பிரஷைத் தொடுவதில்லை என்று சொன்னேனே. கொள்கை என்றால் கொள்கைதான். அவளிடமும் அதையே சொன்னேன். "இன்னொரு நாள் சாயங்காலமா வந்து அழிச்சுக்கிறேன்" என்றேன்.

"எப்ப வேணா வாங்க சார்" என்றாள்.

வெளியே வந்து ரீடிங் எடுத்தேன். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நேரம் கிடைக்கவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இவ்வளவு பேசியிருக்கமாட்டேன். அதற்குப் பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வடுவூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் படம் வேண்டும், திருஞானம் வீட்டு டீச்சர் மாதிரி வேண்டும் என்றார். மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டேன். "பார்க்கிற மாதிரிங்க" என்றார். நான் இதற்கு முன்னால் வரைந்ததெல்லாம் என்ன கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறது? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திருஞானம்தான் ஆள் வைத்து அனுப்புகிறார், என்னைக் கேலி செய்ய. உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்து ஒரு வாத்தியார் வந்தார், அதே வார்த்தை. ஆபீசில் வேலை அதிகம் என்றேன். அப்புறம் இரண்டு பேர், அண்ணன் தம்பி. ஊரில் இல்லை என்று வேதவல்லியைச் சொல்லச் சொன்னேன். அவள், "உள்ளதான் இருக்காரு, பயந்துபோய் இருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

இப்போது பாருங்கள், துணி இழுத்துக் கட்டிய சட்டமெல்லாம் சும்மா கிடக்கிறது. "இப்படியே போனா நம்ம வீட்டுக் கதவுக்குத்தான் பெயிண்ட் அடிக்கணும்" என்கிறாள் வேதவல்லி. பிரஷ் பிடிக்காத சாயங்காலம் எனக்கு எப்படிப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? நாள் முழுக்க மீட்டர் மீட்டராகப் பார்த்துவிட்டு வந்து, டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அதிலும் எண்தான் ஓடுகிறது.

அதனால்தான் கேட்டேன், உங்களை அனுப்பியது யார் என்று.

யாரும் அனுப்பவில்லையா. மருந்து வாங்கின பாக்கிப் பணத்தைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனீர்கள், பார்த்தீர்கள், மூலையில் பெயரைப் படித்தீர்கள். அவ்வளவுதானா. சரி. நம்புகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவை எடுங்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்ததா. லாரியா, பஸ்ஸா? பஸ். நல்ல முகம். நெற்றி நன்றாக இருக்கிறது. மூக்கு நேர். ஒரு குறையும் இல்லை, சுலபமாக முடித்துவிடலாம். ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? போட்டோவில் இல்லாதது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் தம்பி. இப்போது மறைத்துவிட்டு, நான் என் இஷ்டத்துக்குப் போட்டுக் கொடுத்த பிறகு உங்கள் வீட்டில் யாராவது பிரஷைத் தூக்கினால் நான் பொறுப்பில்லை. அதற்காகத்தான் கேட்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வாயா? வாயில் என்ன?

பேசும்போது ஒரு ஓரம் மேலே போகுமா. எந்த ஓரம்? வலதா. போட்டோக்காரன் அசையாமல் இருங்கள் என்று சொல்லியிருப்பான், அதில் போய்விட்டது. எவ்வளவு மேலே? கையால் காட்டாதீர்கள், கையால் காட்டினால் எனக்கு ஒன்றும் தெரியாது. எதைச் சொல்லும்போது போகும்? எல்லாவற்றுக்குமா? கோபமாக இருந்தாலுமா?

கொஞ்சம் இருங்கள். இப்போது என்ன சொன்னீர்கள்? "அப்பாவுக்கு அப்படித்தான்" என்றீர்களே, அதையே மறுபடி சொல்லுங்கள்.

வேதா, அந்த விளக்கை இந்தப் பக்கம் திருப்பு. பென்சிலை எடு. கூர்மையானது இல்லை, மொண்ணையாக இருக்குமே, அது.

சொல்லுங்கள் தம்பி. முழுசாக வேண்டாம், முதல் வார்த்தை போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லுங்கள், பரவாயில்லை, வாய்தான் எனக்கு வேண்டும். இன்னொரு முறை சொல்லுங்கள்.